டொமைன் பெயரை ரீசெல்லர் விட மறுத்தால் என்ன செய்வது?

விளக்குத்தூண் பக்கம் சுங்குடிச் சேலைக் கடை நடத்தும் நீங்கள் கேட்டிருப்பதன் சுருக்கம் இது. 2017-இல், உங்கள் மாமனார் கடையைப் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில், காளவாசலில் அலுவலகம் வைத்திருந்த ஒரு வெப் டிசைனர் இணையதளம் செய்து கொடுத்து, அதன் இணைய முகவரிகளாக, அதாவது டொமைன் பெயர்களாக, டாட் காம் பெயர் ஒன்றையும் டாட் இன் பெயர் ஒன்றையும் தாமே பதிவு செய்தார். ஆண்டுதோறும் அவர் அனுப்பிய பில்லுக்குத் தவறாமல் பணம் கட்டி வந்திருக்கிறீர்கள். இப்போது அவர் அலுவலகத்தை மூடிவிட்டுப் பெங்களூருக்குப் போய்விட்டார். பெயர்களை மாற்றித் தரச் சொன்னால் 18,000 ரூபாய் கேட்கிறார். போதாததற்கு, தாம் பெயர் வாங்கிய மேல் நிறுவனத்துக்குப் பழைய பாக்கி இருக்கிறது, அவர்கள் விடமாட்டார்கள், எப்படியும் 60 நாள் ஆகும் என்றும் சொல்கிறார். பதிவு முடிய மூன்று மாதமே இருக்கிறது. அவருக்கு இப்படிக் கேட்க உரிமை உண்டா, அவரைத் தாண்டிப் போக வழி உண்டா என்பது கேள்வி.

நானும் மதுரையில் சில ஆண்டுகள், இப்படிப் பெயர்களை வாங்கி விற்கும் இதே ரீசெல்லர் தொழிலைச் செய்தவன் என்பதால் இரண்டு பக்கமும் தெரியும். பாக்கி என்ற காரணம் டாட் காம் பெயரைப் பொறுத்தவரை செல்லவே செல்லாது. 60 நாள் என்பது பாதி உண்மை. அவரைத் தாண்டிப் போக வழி உண்டு. ஆனால் இவை அனைத்தும், பதிவேட்டில் பதிவுதாரர் என்ற இடத்தில் யார் பெயரும் யார் மின்னஞ்சல் முகவரியும் இருக்கின்றன என்பதைப் பொறுத்தவை. அதைத் தெரிந்துகொள்ளாமல் அவரோடு பேரம் பேசத் தொடங்க வேண்டாம்.

இந்தத் தொழிலில் மூன்று படிகள் உண்டு. டாட் காம் என்று முடியும் எல்லாப் பெயர்களுக்குமான மூலப் பதிவேட்டை வெரிசைன் என்ற அமெரிக்க நிறுவனம் வைத்திருக்கிறது, அது ரெஜிஸ்ட்ரி. அந்தப் பதிவேட்டில் பெயரைச் சேர்க்கவும் மாற்றவும், ஐகான் என்னும் சர்வதேச அமைப்பிடம் அங்கீகாரமும் ஒப்பந்தமும் பெற்ற நிறுவனங்களால்தான் முடியும், அவை ரெஜிஸ்ட்ரார். அவர்களிடம் மொத்த விலையில் வாங்கி, தம் பெயரில் பில் போட்டு, நம் ஊர் ஆட்களுக்குச் சில்லறையாக விற்பவர் ரீசெல்லர். உங்கள் டிசைனர் இந்த மூன்றாவது படியில் இருப்பவர். அவருக்கும் ஐகானுக்கும் எந்த ஒப்பந்தமும் கிடையாது.

சார்பதிவாளர் அலுவலக வாசலில் உட்கார்ந்திருக்கும் பத்திர எழுத்தரை நினைத்துக்கொள்ளுங்கள். பத்திரம் எழுதினார், கட்டணம் கட்டினார், வரிசையில் நின்றார் என்பதற்காக வீடு அவருடையதாகிவிடாது. அவருக்குத் தர வேண்டிய எழுத்துக்கூலி பாக்கி இருந்தாலும் வீட்டைப் பிடித்து வைத்துக்கொள்ள முடியாது. ஆனால் இந்த உவமை ஓர் இடத்தில் உடைகிறது. சார்பதிவாளர் ஆள் அடையாளம் பார்க்கிறார், கைரேகை எடுக்கிறார். டொமைன் பதிவிலோ, படிவத்தில் யாருடைய பெயரையும் மின்னஞ்சலையும் நிரப்புகிறோமோ அவரே பதிவுதாரர். பத்திர எழுத்தர் தம் பெயரையே எழுதிக்கொண்டாலும் தடுப்பார் யாருமில்லை. நம் ஊர் ரீசெல்லர்களில் பலர் அப்படித்தான் செய்தார்கள். பெரும்பாலும் திருட்டு எண்ணத்தால் அன்று; வாடிக்கையாளருக்கு மின்னஞ்சலே இல்லை, இருந்தாலும் பார்க்கமாட்டார், நினைவூட்டல் கடிதம் வீணாகும், நம் முகவரியையே போட்டுவிடுவோம் என்ற சோம்பலால்.

எனவே முதல் வேலை பதிவேட்டைப் பார்ப்பது. ஐகான் நடத்தும் பதிவுத் தேடல் பக்கத்தில் உங்கள் டாட் காம் பெயரைக் கொடுத்தால் ரெஜிஸ்ட்ரார் யார், பெயர் எப்போது பதிவானது, எப்போது முடிகிறது, மாற்றத்தைத் தடுக்கும் பூட்டு ஏதும் போடப்பட்டிருக்கிறதா என்பவை தெரியும். சில பதிவுகளில் ரீசெல்லர் பெயரும் இருக்கும். பதிவுதாரரின் பெயரும் முகவரியும் முன்பெல்லாம் வெளிப்படையாகவே தெரிந்தன; ஐரோப்பிய ஒன்றியத்தின் தனியுரிமைச் சட்டம் 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்தபின் அவை பெரும்பாலும் மறைக்கப்படுகின்றன. ஆகவே உங்கள் பெயர் அங்கே தெரியவில்லை என்பதால் பதற வேண்டாம். ரெஜிஸ்ட்ராரிடம் கேட்டுத்தான் உறுதி செய்ய வேண்டும்.

கேட்பதற்கு முன்பே ஓரளவு ஊகிக்கவும் வழி இருக்கிறது. ரெஜிஸ்ட்ரார்கள் ஐகானோடு செய்துகொண்ட 2013-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி, புதிதாக ஒரு பெயர் பதிவானால் பதிவுதாரரின் மின்னஞ்சலையோ தொலைபேசி எண்ணையோ 15 நாளுக்குள் சரிபார்த்தாக வேண்டும். நடைமுறையில் ஒரு மின்னஞ்சல் வரும்; அதிலுள்ள இணைப்பை அழுத்த வேண்டும். பதிவு முடிவதற்கு ஏறத்தாழ ஒரு மாதம் முன்பும் ஒரு வாரம் முன்பும் நினைவூட்டல் அனுப்புவதும் கட்டாயம். இத்தனை ஆண்டுகளில் உங்கள் வீட்டில் எவருக்குமே இப்படி ஒரு கடிதம் வரவில்லை என்றால், அவை வேறு யாருக்கோ போய்க்கொண்டிருந்தன என்று பொருள். மாமனாரின் பழைய மின்னஞ்சலைத் திறந்து, ரெஜிஸ்ட்ராரின் பெயரைப் போட்டுத் தேடிப் பாருங்கள். கிடைத்தால் உங்கள் வழக்கில் பாதி முடிந்தது.

உங்கள் பெயரும் நீங்கள் திறக்கக்கூடிய மின்னஞ்சலும் பதிவில் இருந்தால் நிலைமை தெளிவு. ஒரு ரெஜிஸ்ட்ராரிடமிருந்து இன்னொருவரிடம் பெயரை மாற்றுவதற்கான ஐகானின் கொள்கை 2004 நவம்பரில் நடைமுறைக்கு வந்து, பிறகு பலமுறை திருத்தப்பட்டது. அதன்படி, மாற்றத்துக்கான கடவுச்சொல்லை, அதாவது இத்துறையினர் ஆத் கோடு அல்லது ஈபிபி கோடு என்று சொல்லும் குறியீட்டை, பதிவுதாரர் கேட்ட 5 நாளுக்குள் ரெஜிஸ்ட்ரார் தர வேண்டும். மாற்றத்தைத் தடுக்கும் பூட்டையும் அதே 5 நாளுக்குள் திறக்க வேண்டும், அல்லது இரண்டையும் நீங்களே செய்துகொள்ளும் வசதியைக் கொடுத்திருக்க வேண்டும். கோடு கையில் வந்தபின் அதைப் புதிய ரெஜிஸ்ட்ராரிடம் கொடுத்தால், பழைய ரெஜிஸ்ட்ரார் உங்களுக்கு ஓர் அறிவிப்பு அனுப்புவார். நீங்கள் மறுக்காவிட்டால் 5 நாளில் பெயர் தானாக மாறிவிடும். ஆக மொத்தம் பத்து, பன்னிரண்டு நாள் வேலை.

உங்கள் டிசைனர் சொல்லும் பாக்கிக்கு வருவோம். மாற்றத்தை எந்தக் காரணத்துக்காக மறுக்கலாம், எதற்காக மறுக்கக் கூடாது என்று அந்தக் கொள்கை தனித்தனியாகச் சொல்கிறது. மறுக்கக் கூடாத காரணங்களில் ஒன்று உங்களுக்காகவே எழுதியதுபோல் இருக்கிறது. பதிவுதாரர் அந்தப் பெயருக்கான பணத்தைக் கட்டியிருக்கும்போது, ரெஜிஸ்ட்ராருக்கும் அவருடைய வணிகக் கூட்டாளிகளுக்கும் இடையிலுள்ள பாக்கியைக் காட்டி மாற்றத்தைத் தடுக்கக் கூடாது. அதாவது, டிசைனர் மேலே கட்டத் தவறியது அவர்கள் இருவருக்கும் இடையிலான கணக்கு. உங்களுக்கு அதில் வேலை இல்லை. பணத் தகராறு ஒன்றை மட்டுமே காரணமாக வைத்து ஆத் கோடு தர மறுக்கக் கூடாது என்றும் கொள்கை கூறுகிறது. உங்களிடமிருந்து இந்தப் பெயருக்கு உரிய கட்டணமே வரவில்லை என்றால் மட்டும் மறுக்க இடம் உண்டு. அதனால்தான் நீங்கள் கட்டிய பில்கள், ஜிபே ரசீதுகள், வாட்ஸ்அப் உரையாடல்கள் எல்லாவற்றையும் ஆண்டுவாரியாக எடுத்து வைக்கச் சொல்கிறேன்.

ரெஜிஸ்ட்ராருக்கு நேரடியாக எழுதுங்கள். முதல் பதில் அநேகமாக, உங்கள் சேவையாளரைத் தொடர்புகொள்ளுங்கள் என்ற வார்ப்புக் கடிதமாகத்தான் இருக்கும். அங்கேயே பலர் சோர்ந்து போய்விடுகிறார்கள். சோர வேண்டாம். ரீசெல்லர் மூலம் விற்றாலும் பொறுப்பு ரெஜிஸ்ட்ராருடையதே என்பது 2013 ஒப்பந்தத்தில் இருக்கிறது. ரெஜிஸ்ட்ரார் யார் என்று வாடிக்கையாளர் கேட்டால் ரீசெல்லர் மறைக்காமல் சொல்ல வேண்டும் என்பதும் அதில் உண்டு. சேவையாளர் தொழிலை மூடிவிட்டார், நான் பதிவுதாரர், பதிவிலுள்ள இதே மின்னஞ்சலிலிருந்துதான் எழுதுகிறேன், 5 நாளுக்குள் கோடு வேண்டும் என்று இரண்டாவது முறை எழுதினால் கடிதம் வேறு மேசைக்குப் போகும். அதற்கும் பதில் இல்லையென்றால் ஐகானின் ஒப்பந்த இணக்கப் பிரிவில் மாற்றப் புகார்ப் படிவம் இருக்கிறது, கட்டணம் இல்லை. ஐகான் உங்கள் டிசைனரோடு பேசாது, ரெஜிஸ்ட்ராரிடம் விளக்கம் கேட்கும். அங்கீகாரத்தை இழக்கும் அச்சம் ரெஜிஸ்ட்ராருக்கு உண்டு. அமெரிக்காவில் ரெஜிஸ்டர்ஃப்ளை என்ற நிறுவனம் முதலில் ரீசெல்லராக இருந்து பிறகு ரெஜிஸ்ட்ரார் ஆனது. அது 2007-இல் நிலைகுலைந்தபோது ஐகான் அதன் அங்கீகாரத்தை ரத்து செய்தது. அதனிடம் இருந்த பெயர்கள் கோடாடி என்ற இன்னொரு ரெஜிஸ்ட்ராருக்கு மாற்றப்பட்டன. ரெஜிஸ்ட்ரார் ஒப்பந்தங்கள் அதன்பின்தான் இறுக்கமாயின.

பதிவில் டிசைனரின் பெயர் இருந்தால் கதை வேறு. உங்களுக்கு மன வருத்தம் தருவதாக இருந்தாலும் சொல்லியாக வேண்டும்: ரெஜிஸ்ட்ராரின் பார்வையில் அவரே பதிவுதாரர், நீங்கள் மூன்றாம் மனிதர். உண்மையில் யாருக்கு உரியது என்று ஐகான் தீர்ப்புச் சொல்லாது. கடைப் பெயர் வணிகச் சின்னமாக இருந்தால் யுடிஆர்பி என்னும் தகராறு நடைமுறைக்குப் போகலாம். ஆனால் வைப்போ என்னும் உலக அறிவுசார் சொத்து அமைப்பில் ஒரே நடுவரைக் கொண்ட விசாரணைக்கு 1,500 டாலர் கட்டணம். மேலும் பெயரைப் பதிவு செய்ததும் பயன்படுத்துவதும் இரண்டுமே கெட்ட எண்ணத்தோடு நடந்தன என்று நிரூபிக்க வேண்டும். 2017-இல் உங்கள் மாமனார் கேட்டுத்தான் அவர் பதிவு செய்தார் எனும்போது முதல் பாதியை நிரூபிப்பது கடினம். டொமைன் பெயருக்கும் வணிகச் சின்னத்துக்கு உள்ள பாதுகாப்பு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2004-இல் சத்யம் இன்ஃபோவே வழக்கில் சொல்லிவிட்டது. அந்த அடிப்படையில் உரிமையியல் வழக்குப் போட முடியும், காலம் பிடிக்கும். நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம் என்று சிலர் உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். வணிக நோக்கத்துக்காகச் சேவை பெற்றவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்று எதிர்த்தரப்பு வாதிடும். சுயதொழில் செய்து பிழைப்பவர்களுக்கு விலக்கு உண்டு என்பதால் சிறு கடை என்ற முறையில் உங்களுக்கு வாய்ப்பு இல்லாமல் இல்லை. காவல் நிலையத்தை நான் முதல் வழியாகச் சொல்லமாட்டேன். இது சிவில் விவகாரம் என்று திருப்பி அனுப்புவார்கள், அதற்குள் அவரோடு பேச்சுவார்த்தையும் முறிந்திருக்கும்.

ஆகவே இந்த நிலையில் என் யோசனை பேசித் தீர்ப்பதுதான். வழக்கறிஞர் மூலம் ஓர் அறிவிப்பு அனுப்பிவிட்டு, நியாயமான தொகைக்கு ஒத்துக்கொள்ளுங்கள். 18,000 நியாயம் என்று நான் சொல்லவில்லை. ஆண்டுக் கட்டணம் முழுவதும் வாங்கியவர், கோடு எடுத்துத் தரும் அரைமணி நேர வேலைக்குக் கேட்கும் தொகை அது. ஆனால் உங்கள் கடைப் பைகளிலும் பில் புத்தகத்திலும் அச்சாகியிருக்கும் பெயரை இழப்பதோடு ஒப்பிட்டு முடிவு செய்யுங்கள். எதுவானாலும், பெயர் உங்கள் கணக்கில் வந்து உட்காரும் முன் முழுப் பணத்தையும் கொடுத்துவிடாதீர்கள்.

பலர் தடுக்கி விழும் இடம் இனிதான் வருகிறது. பதிவுதாரரின் பெயர், நிறுவனப் பெயர், மின்னஞ்சல் ஆகியவற்றில் எதை மாற்றினாலும் அது பதிவுதாரர் மாற்றம் என்று கருதப்படும். 2016 டிசம்பர் முதல் உள்ள விதிப்படி, அதன்பின் 60 நாளைக்கு வேறு ரெஜிஸ்ட்ராருக்குப் பெயரை மாற்ற முடியாது. டிசைனர் சொன்ன 60 நாள் இதுவாக இருக்கலாம். ஆசையோடு முதலில் மின்னஞ்சலைத் திருத்திவிட்டு, மறுநாள் மாற்றத்துக்கு விண்ணப்பித்தவர் அங்கேயே மாட்டிக்கொள்வார். உங்களுக்கு இருப்பதே மூன்று மாதம். எனவே திருத்தத்துக்கு முன்பே இந்தப் பூட்டு வேண்டாம் என்று விலக்குக் கேளுங்கள். சில ரெஜிஸ்ட்ரார்கள் அந்த வாய்ப்பைத் தருவார்கள், தர வேண்டிய கட்டாயம் இல்லை. அல்லது முதலில் வேறு ரெஜிஸ்ட்ராருக்கு மாற்றிவிட்டுப் பிறகு விவரங்களைத் திருத்துங்கள். இந்தக் காத்திருப்பை நீக்கும் பரிந்துரைகள் 2025-இல் ஐகானின் கொள்கைக் குழுவிலிருந்து வந்திருக்கின்றன; நீங்கள் 60 நாள் என்றே கணக்கு வையுங்கள்.

இதைவிட எளிய வழி ஒன்றைப் பெரும்பாலானோர் கேட்பதே இல்லை. வேறு ரெஜிஸ்ட்ராருக்குப் போகாமல், அதே ரெஜிஸ்ட்ராருக்குள் டிசைனரின் கணக்கிலிருந்து உங்கள் கணக்குக்கோ, அதே ரெஜிஸ்ட்ராரிடம் வாங்கும் வேறொரு ரீசெல்லரின் கணக்குக்கோ பெயரை நகர்த்துவது. தொழிலில் இதைப் புஷ் என்பார்கள். ஐகானின் 60 நாள் பூட்டு ரெஜிஸ்ட்ரார் விட்டு ரெஜிஸ்ட்ரார் மாறுவதற்குத்தான், இதற்கு இல்லை. சில நேரம் ஒரே நாளில் முடியும். டிசைனரிடம் பேசும்போது முதலில் இதைக் கேளுங்கள்; அவருக்கும் வேலை குறைவு.

பதிவு முடியட்டும், பிறகு புதிதாக நாமே பதிவு செய்துகொள்ளலாம் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். முடிந்த பெயர் உடனே சந்தைக்கு வராது. 45 நாள் வரை கருணைக் காலம், பிறகு 30 நாள் மீட்புக் காலம், அதன்பின் அழிப்புக்கு முந்தைய 5 நாள்; அதற்கு முன்பே பல ரெஜிஸ்ட்ரார்கள் பெயரை ஏலத்தில் விட்டுவிடுகிறார்கள். மீட்புக் காலத்தில் கேட்கும் கட்டணம் ஆண்டுக் கட்டணத்தைப்போலப் பல மடங்கு. மாறாக, இப்போதே மாற்றினால் மிச்சமிருக்கும் மூன்று மாதம் வீணாகாது. மாற்றத்தோடு மேலும் ஓராண்டு சேரும்.

நான் தொழிலில் இருந்தபோது, ஒரு பங்குனி மாதத்தில், திருப்பரங்குன்றம் பக்கத்துத் திருமண மண்டபம் ஒன்றின் பெயர் இப்படித்தான் என் கையில் மீட்புக் காலத்துக்குப் போனது. மண்டபக்காரர் எனக்குப் பணம் கட்டிவிட்டார். ரீசெல்லர்கள் ரெஜிஸ்ட்ராரிடம் முன்கூட்டியே போட்டு வைக்கும் இருப்பிலிருந்துதான் புதுப்பிப்புத் தொகை கழியும். என் இருப்பில் அன்று போதிய பணம் இல்லை, நான் கவனிக்கவும் இல்லை. நினைவூட்டல்கள் எல்லாம் என் மின்னஞ்சலுக்கே வந்து மற்றக் கடிதங்களோடு அடியில் போய்விட்டன. முகூர்த்த மாதத்தில் அவருடைய தளம் திறக்கவில்லை என்று அவர் போனில் கேட்டபோதுதான் எனக்கே தெரிந்தது. மீட்புக் கட்டணத்தைக் கைப்பணத்தில் கட்டினேன். அதன்பின் என் வாடிக்கையாளர் ஒவ்வொருவரின் பதிவிலும் அவரவர் மின்னஞ்சலை இடும் வேலையில் இரண்டு வாரம் உட்கார்ந்தேன். உங்கள் டிசைனர் மேல் நிறுவனத்துக்குப் பாக்கி என்று சொல்வதைப் படித்ததும் எனக்கு அந்த இருப்புக் கணக்குதான் நினைவுக்கு வந்தது. நீங்கள் கட்டிய தொகை இந்த ஆண்டு மேலே போய்ச் சேர்ந்ததா என்பதையும், பதிவு முடியும் தேதி அவர் சொன்ன தேதிதானா என்பதையும் தேடல் பக்கத்தில் உங்கள் கண்ணாலேயே பார்த்துவிடுங்கள்.

டாட் இன் பெயருக்கு மேலே சொன்ன ஐகான் கொள்கை பொருந்தாது. அது நாட்டுக் குறியீடு. நிக்சி என்னும் இந்திய அமைப்பு அதன் பதிவேட்டை நடத்துகிறது. அங்கும் கோடும் பூட்டும் உண்டு, மாற்றும் முறையும் ஏறத்தாழ இதுவே. ஆனால் புகார் நிக்சிக்குத்தான் போக வேண்டும். பதிவுதாரர் விவரத்தை மறைக்கும் தனியுரிமைச் சேவைக்கு டாட் இன் பெயர்களில் அனுமதி இல்லை. தகராறு முற்றினால் ஐஎன்டிஆர்பி என்ற நடுவர் முறை இருக்கிறது. அதில் பதிவு செய்ததோ பயன்படுத்துவதோ ஏதேனும் ஒன்று கெட்ட எண்ணத்தோடு இருந்தால் போதும் என்பதால், யுடிஆர்பியைவிட உங்களுக்குச் சற்று இடம் கொடுக்கும்.

பெயரை மாற்றினால் இணையதளமும் கூடவே வந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். தளம் டிசைனரின் ஹோஸ்டிங்கில், அதாவது அவர் கணக்கிலுள்ள சர்வர் இடத்தில், இருக்கிறது. கடையின் மின்னஞ்சலும் அங்கேயே இருக்கலாம். அவருடைய நேம்சர்வரில் உள்ள டிஎன்எஸ் பதிவுகளை, அதாவது உங்கள் பெயருக்கான தளமும் அஞ்சலும் எங்கே இருக்கின்றன என்று காட்டும் குறிப்புகளை, முழுவதும் படம் பிடித்து வையுங்கள், தளத்தின் பிரதியையும் அஞ்சல்களையும் எடுத்துக்கொள்ளுங்கள். உறவு கசந்தபின் இவற்றைக் கேட்டுப் பெறுவது கோடு வாங்குவதைவிடக் கடினம். இவற்றுக்கு எந்தக் கொள்கையும் துணைக்கு வராது.

இன்று இரவே தேடல் பக்கத்தைப் பாருங்கள். நாளை டிசைனருக்குக் கோபமில்லாத ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்: ரெஜிஸ்ட்ரார் யார், பதிவுதாரராக இருப்பது யார், எந்த மின்னஞ்சல் என்று மூன்றே கேள்வி. பணத்தைப் பற்றி அதில் எழுத வேண்டாம். அவர் தரும் பதிலும், ரெஜிஸ்ட்ராரின் பதிலும் கிடைத்தபின், பதிவு யார் பெயரில் இருக்கிறது என்பதையும் முடியும் தேதியையும் எழுதினால், மேற்கொண்டு ரெஜிஸ்ட்ராருக்கு அனுப்ப வேண்டிய கடிதத்தை நானே வரைந்து தருகிறேன்.